உடைக்காத சோடா

கிட்வே, சாம்பியா
2.3.1975

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் நால்வரும் சுகம். அக்காவின் முழங்கால் நோ குறைந்ததா? போன கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லாததால் குறையவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். டிசம்பரோடு இங்கே என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒக்டோபர் முப்பத்தொன்றுக்குள் ஓம் அல்லது இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கும் பத்மாசினிக்கும் ஊருக்கு வருவதற்குத்தான் விருப்பம். குணலட்சுமிக்குப் பன்னிரண்டு வயது, கதிருக்கு எட்டு. வீட்டில் தமிழ் கதைக்கிறார்கள். குணா தட்டுத்தடுமாறி எழுதுவாள். கதிருக்குத் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியும். ஐயாவின் முழுப் பெயரையும் அவனுக்கு வைத்தேன், அவனோ 'கதிரவேலு' என்பதில் பாதியை எழுதிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். இன்னும் மூன்று வருஷம் போனால் இந்தப் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது?

பட்டணத்துக்குள் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துத் தாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரம் போதும். நல்லூரோ, வண்ணார்பண்ணையோ, அரியாலையோ, உங்கள் மனதுக்குச் சரியென்று பட்ட இடம் எதுவும் எனக்குச் சம்மதம். வளவுக்குள் தனிக்கிணறு இருந்தால் நல்லது.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி
தியாகலிங்கம்


சிவமயம்
இணுவில்
30.3.1975

அன்புள்ள தம்பிக்கு,

கந்தசுவாமியார் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, அதை விடு.

நீங்கள் வருகிறீர்கள் என்று வாசித்ததும் கடிதத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன். அடுப்பில் இருந்த பருப்பு கரிந்துவிட்டது. அத்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஆனால் இன்றுவரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தப் பருப்பின் கதையைச் சொல்லுகிறார்.

எங்கள் வீட்டிலேயே வந்து இருங்கள் என்று எழுத மனம் உன்னுகிறது. எழுதவில்லை. சித்தப்பாவும் நாங்களும் ஒரே கிணற்றில் அள்ளுகிறோம். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னம் நீ பொலிகண்டியில், எங்கள் ஆட்கள் சம்பந்தம் வைக்காத இடத்தில் பெண் எடுத்தபோது சித்தப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை. நீ தனிக்கிணறு கேட்டது எனக்கு விளங்கியது, அதைப்பற்றி இனி எழுத மாட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமையே தொடங்குகிறேன். அத்தானின் சைக்கிளில் நான் பின்னால் ஏறினால் அது எங்கள் ஒழுங்கையைக்கூடத் தாண்டாது. பஸ்ஸில்தான் போவோம். எந்த வீடானாலும் முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பேன். தண்ணீர் சரியில்லாத வீட்டில் பிள்ளைகளை வளர்க்க முடியாது.

பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லோரும் கவனமாக இருங்கள்.

அக்கா
மகாதேவி


சிவமயம்
இணுவில்
11.5.1975

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அங்கே காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லையே?

மூன்று வீடு பார்த்தாயிற்று. நல்லூரில் கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒன்று. முன்னுக்கு நந்தியாவட்டை மரம், நாலு அறை, சீமெந்துத் தரை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். தேத்தண்ணீர் தந்தார், எங்கள் ஊர் விசாரித்தார், உன்னுடைய பெண்சாதியின் ஊரையும் விசாரித்தார். பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். உவர்.

வண்ணார்பண்ணை வீடு வெளிப்பார்வைக்கு அரண்மனை. உள்ளே கூரை வளையெல்லாம் கறையான். வீட்டுக்காரியும் தாயும் கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிக்கிடும்போதுதான் கறையான் என் கண்ணில் பட்டது.

அரியாலை வீட்டைப்பற்றி என்ன சொல்ல? பள்ளிக்கூடம் பக்கத்தில், மாமரம் இரண்டு, விறாந்தையில் பிள்ளைகள் படிக்க இடம் இருக்கிறது. ஆனால் ரயில் போகிற பாதை கிட்ட. யாழ்தேவி போகும்போது யன்னல் நடுங்கும் போலிருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக் குழம்பும்.

அவசரப்படாதே. டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு பெரிய பட்டணத்தில் உனக்கொரு வீடு கிடைக்காமலா போகும்?

உங்கள் நாலு பேரையும் முருகன் காக்கட்டும்.

அக்கா
மகாதேவி


கிட்வே
8.6.1975

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நல்லூரில் நீங்கள் சொன்ன அந்த ஒழுங்கையில்தான் நான் மாணவனாக இருந்தபோது நாலு வருஷம் அறை எடுத்துத் தங்கினேன். அங்கே தண்ணீர் உவரென்று ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. கறையான் பிடித்த வளையை மாற்றலாம். ரயிலைப் பொறுத்தவரையில், கதிர் அதைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டில் இருப்பான்.

அக்கா, நான் கணக்கு வாத்தியார். மூன்று வீட்டுக்கும் மூன்று வெவ்வேறு குறை, மூன்றும் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது என்றால் எனக்கு விடை வேறு மாதிரி வருகிறது. பத்மாசினி ஊருக்கு வருவது உங்களுக்கே விருப்பமில்லை என்றால் அதை நேரே எழுதுங்கள். எனக்குக் கோபம் வராது. அவளுக்கு என்ன சொல்லுவதென்றுதான் யோசிக்கிறேன். ஊரில் இருந்து கடிதம் வந்தால் வேறு வேலை இருப்பதுபோல் அறைக்குள் போய்விடுகிறாள்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.

தம்பி
தியாகலிங்கம்


இணுவில்
6.7.1975

தம்பி தியாகலிங்கத்துக்கு,

அத்தான் சோமசேகரம் எழுதுவது. சுகம். புகையிலை இந்தமுறை பரவாயில்லை.

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தை உன் அக்கா இரண்டுதரம் வாசித்தாள். பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன், அவள் அதன்மேலேயே இன்னொருதரம் போட்டாள். மாட்டுக்கு மட்டும் அன்றைக்குப் பெருநாள்.

மூன்று கிணற்றுத் தண்ணீரையும் நானும் குடித்தேன். மூன்றும் கற்கண்டு. கறையானும் இல்லை. யாழ்தேவியின் சத்தம் எந்த யன்னலையும் நடுக்காது. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி கேட்டார்கள். "தம்பியின்ரை பெண்சாதி எவ்விடம்?" பொலிகண்டி என்பாள். "ஆற்றை மகள்?" பாய்க்கப்பல் ஓட்டின முருகேசு தண்டையலின் மகள் என்பாள், குரலைக்கூடக் குறைக்க மாட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பார்கள், கொழும்பில் இருக்கிற மருமகன் வீட்டைக் கேட்டிருக்கிறான் என்பார்கள். அரியாலை வீட்டின் கிணறு பங்குக் கிணறு. பங்காளி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே தலையாட்டி வேண்டாம் என்றார்.

வாய் தவறின மாதிரித் திருகோணமலை என்று சொல்லிவிடேன் என்று நானே அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "பிறகு அந்தப் பிள்ளையளும் பள்ளிக்கூடத்திலை அதைத்தானே சொல்லவேணும். அதுகளைப் பொய் சொல்லப் பழக்கவோ இஞ்சை கூப்பிடுறம்?" என்றாள்.

இந்த நாலு மாதத்தில் இப்போதுதான் அவள் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுப் பார்க்கிறேன். நீ சொன்னபடியால். நான் எழுதினதைச் சொல்லிவிடாதே.

அத்தான்
சோமசேகரம்


கிட்வே
3.8.1975

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கு நான் நேரே எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

வீடு தேடுவதில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். யார் சொன்னார் என்று கேட்க வேண்டாம். என்னுடைய ஊரை நீங்கள் மாற்றிச் சொல்லவில்லை என்பதை அறிந்து அன்று முழுவதும் அழுதேன். கவலையில் அழவில்லை.

மச்சாள், குணா பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த பிறகு நீங்கள் பொலிகண்டிக்கு வந்தீர்கள். உங்கள் ஆட்களில் வந்தது நீங்கள் ஒருவர்தான். அம்மா கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்து உங்களுக்கு முன்னாலேயே உடைத்துத் தந்தா. எங்கள் வீட்டுச் செம்பில் உங்கள் ஆட்கள் தண்ணீர் எடுக்க மாட்டார்கள், அதனால் மூடி திறக்காத போத்தலைக் கண்ணுக்கு முன்னால்தான் உடைக்க வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்தா. நீங்கள் அதைக் குடித்தீர்கள், பிள்ளையைத் தூக்கினீர்கள், உங்கள் காப்பைக் கழற்றி அவள் கையில் போட்டீர்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. வந்தீர்களே என்று அம்மா இன்றும் சொல்லுவா.

இனி என் முடிவு. எனக்காக ஒரு தெருவும் கிடைக்காவிட்டால் அவரும் பிள்ளைகளும் பட்டணத்தில் இருக்கட்டும். நான் பொலிகண்டியில் அம்மாவோடு இருக்கிறேன். சனி ஞாயிறு பிள்ளைகள் என்னிடம் வரலாம். வீடு எடுக்கும்போது என் பெயரைச் சொல்லத் தேவையே வராது. அவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எழுதினால் சொல்லுகிறேன். எனக்கு வேண்டியதெல்லாம் பிள்ளைகள் தாயின் ஊரைக் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய ஒரு அயல்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

அன்புடன்
பத்மாசினி


சிவமயம்
இணுவில்
31.8.1975

அன்புள்ள பத்மாசினிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கையெழுத்து மிக அழகு. என் தம்பியின் எழுத்து கோழி கிளறின மாதிரி, அதை வாசிக்கிற வேதனை உமக்கும் தெரிந்திருக்கும்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் என்னைத் தவிர இருப்பது ஒருவர்தான்.

நீர் பொலிகண்டியிலும் பிள்ளைகள் பட்டணத்திலும் இருக்கிற கதையை இனி எடுக்க வேண்டாம். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துத்தான் அவர்களுக்கு ஊர் காட்ட வேண்டுமென்றால் அவர்கள் சாம்பியாவிலேயே இருக்கட்டும். இதைத் தம்பிக்குச் சொல்லவும் வேண்டாம்.

இப்போது நல்ல செய்தி. கந்தர்மடத்தில் ஒரு வீடு. மூன்று அறை, முன்னால் சின்ன விறாந்தை, பின்னால் இரண்டு தென்னை. குணாவின் பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. சொந்தக்காரி பராசக்தி என்று ஒரு அம்மா, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரின் மனைவி, இப்போது தனி ஆள். பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. தம்பி கேட்ட தனிக்கிணறு இல்லை. கப்பி கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட்டால் சரி. தண்ணீர் நல்ல தண்ணீர், இந்தமுறை உண்மை.

நீர் எவ்விடம் என்று கேட்டார், சொன்னேன். வெள்ளையடிக்கிற கதையும் மருமகன் கதையும் வரவில்லை. என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். எனக்கு மறுமொழி வரவில்லை. அந்தக் கேள்வியை இப்போது எழுத மாட்டேன். மறுமொழியோடு வந்து வீட்டுத் திறப்பை வாங்கும்படி சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் வீட்டை வேறு ஒருவருக்கும் கொடுக்க மாட்டாராம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

மச்சாள்
மகாதேவி


கிட்வே
12.10.1975

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு கிழமையாகக் கடிதம் இல்லை. உங்களுக்கோ அத்தானுக்கோ சுகமில்லையா? பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஜூனில் எழுதின கடிதத்துக்கு என்னை மன்னியுங்கள். அதை எழுதின கையை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போட இன்னும் பத்தொன்பது நாள். கந்தர்மட வீடு சரிவராவிட்டால் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று நானும் பத்மாசினியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நல்லதோ கெட்டதோ, ஒரு தந்தி அடியுங்கள்.

தம்பி
தியாகலிங்கம்

அன்புள்ள மாமி, நான் குணலட்சுமி. இது நான் தானே எழுதுகிறேன். அம்மா ஒவ்வொரு நாளும் தபால் பெட்டி பார்க்கிறா. அந்தக் கிணறு எவ்வளவு ஆழம்? கதிர் விழுந்து போவானா? பதில் போடுங்கள்.


சிவமயம்
இணுவில்
26.10.1975

அன்புள்ள பத்மாசினிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். வீடு கந்தர்மடத்து வீடுதான். திறப்பு என் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கிறது. நாங்கள் இருவரும் சுகம். இனி உன்னை நீ என்றுதான் எழுதுவேன்.

அந்தக் கேள்வியை இப்போது சொல்லுகிறேன். பராசக்தி அம்மா கேட்டது இதுதான். "எனக்கு ஒண்டுமில்லை, அவவும் அள்ளட்டும், நானும் அள்ளுறன். ஆனா இந்த ஒழுங்கையிலை எல்லாரும் உங்களைத்தான் பாப்பினம். புருஷன்ரை தமக்கை தண்ணி குடியாத வீட்டிலை அயல் ஏன் குடிக்கப்போகுது? பிள்ளையள் கூட்டாளியளைக் கூட்டிக்கொண்டு வந்தால் அதுகள் தண்ணி குடியாமல் போகும். நீங்கள் அவவின்ரை தாய் வீட்டிலை செம்பு எடுக்கிறனீங்களோ?"

எடுத்ததில்லை. மற்றவர்களின் வாசலில் நின்று உன் ஊரைச் சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. அந்த அம்மா அதை ஒரு கேள்வியில் இறக்கி வைத்துவிட்டார்.

ஐயா சாகக் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டு, உன் ஆட்களைச் சொல்லி, "அவை வீட்டிலை மட்டும் செம்பு எடுத்துப்போடாதை" என்றார். நான் தலையாட்டினேன். தலைதானே ஆட்டினேன், வாய் திறந்து ஓம் சொல்லவில்லையே என்று இந்த ஏழு கிழமையும் என்னோடு நானே வழக்காடினேன். எழுத ஒன்றும் இல்லாததால்தான் எழுதவில்லை. பிறகு குணாவின் கடிதம் வந்தது. கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்கிறாள். அன்று வழக்கை விட்டுவிட்டேன். ஐயாவுக்கு நான் சம்மதித்தது உண்மைதான், அதை மீறப்போவதும் உண்மைதான் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

வியாழக்கிழமை பொலிகண்டிக்குப் போனோம். தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டியதும் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டேன். உன் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் விளக்குமாறைப் போட்டுவிட்டு, "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்று கதிரையைத் துடைத்தார். நான் இருந்து மூச்சு விடமுன்னம் எதிர்க்கடைக்கு ஓடிவிட்டார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் சோடா. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் மறக்கவில்லை.

"உடையாதேங்கோ மாமி," என்றேன். "எனக்குத் தண்ணி தாங்கோ."

"தண்ணியோ?"

"ஓம். உங்கடை கிணத்துத் தண்ணி."

அவர் சோடா இரண்டையும் கீழே வைத்தார். பிறகு மெல்லிய குரலில், "செம்பிலையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"செம்பிலைதான்," என்றேன்.

உள்ளே போனவர் வரவே இல்லை. செம்பைப் புளி போட்டு மினுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கழுவுகிறார், திரும்பவும் மினுக்குகிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, பத்மாசினி. ஒரு செம்புத் தண்ணீர் தருவதற்கு ஒரு மனிசியை இவ்வளவு பயப்பட வைத்திருக்கிறோம். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பு பொன்போல இருந்தது. அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தேன். உன் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நான் விழுங்குவதையே பார்த்தபடி நின்றார். நல்லூர் வீட்டுத் தண்ணீரைப்பற்றி நான் தம்பிக்குப் பொய் எழுதினேன். இது உண்மை. உங்கள் வீட்டுத் தண்ணீர் கொஞ்சம் உவர். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வரும் வழியிலேயே கந்தர்மடத்தில் இறங்கினோம். "எடுத்தனான்," என்றேன். பராசக்தி அம்மா வேறொன்றும் கேட்காமல் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். குணாவுக்குச் சொல்லு, அந்தக் கிணற்றைக் கயிறு விட்டு அளந்து பார்த்தேன், இருபத்திரண்டு அடி. கட்டு உயரம், கதிர் விழ மாட்டான்.

இங்கே சித்தப்பா என்னோடு கதைப்பதில்லை. எங்கள் வாளியைக் கிணற்றடியில் இருந்து தள்ளி வேலியோரம் வைத்துவிடுகிறார். அத்தான் எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறார். மறுநாள் பார்த்தால் திரும்பவும் வேலியோரம். இருவரும் ஒரு சொல் கதைக்காமல் இதையே செய்துகொண்டிருக்கிறார்கள். கவலை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஐயாவின் தம்பி அல்லவா.

சோடா இரண்டையும் கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், உன் அம்மா கேட்கவில்லை. என் பைக்குள் வைத்துவிட்டார். கந்தர்மடத்து வீட்டுக் குசினித் தட்டில் வைத்திருக்கிறேன். வந்த அன்றைக்குப் பிள்ளைகள் உடைக்கட்டும். நீயும் நானும் கிணற்றில் அள்ளிக் குடிப்போம்.

கவனமாக வந்து சேருங்கள்.

உன் மச்சாள்
மகாதேவி